சாவா மூவாப் பேராடு

போன ஆடி மாதம் எனக்கு ஓர் ஈமெயில் வந்தது. ஒரு மீன்வள ஆராய்ச்சிப் பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் நான் அங்கத்தினராக வேண்டும் என்று அதன் நிர்வாகிகள் ஆசைப்பட்டார்கள். 'மதிப்புக்குரிய டாக்டர் அவர்களே' என்று ஆரம்பித்து, அந்தத் துறையில் நான் செய்திருக்கும் அரிய சேவையை நாலு வரி புகழ்ந்திருந்தார்கள். நான் டாக்டர் இல்லை. மீனுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், கொள்ளிடக் கரையில் வலை வீசுகிற ஒருவனை ஒரு நாவலில் இரண்டு அத்தியாயம் நடமாட விட்டதோடு சரி. அதிலும் வலையின் பெயரைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று ஒரு வாசகர் கார்டு போட்டிருந்தார்.

விஷயம் கடிதத்தின் வாலில் இருந்தது. நான் ஒரு கட்டுரை அனுப்பினால் ஏழே நாளில் பிரசுரமாகும். கட்டணத்தில் எனக்குச் சலுகை உண்டு. நாற்பது வருஷமாக எழுதுகிறேன். என்னிடம் கதை வாங்கிப் போட்டுவிட்டுப் பணம் அனுப்ப மறந்த பத்திரிகைகள் உண்டு. பணம் கொடு, போடுகிறோம் என்று கூசாமல் கேட்ட பத்திரிகை இதுதான் முதல்.

சாயங்காலம் வந்த பக்கத்துத் தெருப் பையனிடம் இதைக் காட்டிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"இதுலதான் மாமா என் ரெண்டாவது பேப்பர் வந்திருக்கு" என்றான்.

பையனின் பெயர் இங்கே வேண்டாம். அவன் எந்தச் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறான் என்பதும் வேண்டாம். தாயார் கீழ அடையவளஞ்சான் வீதியில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். தகப்பனார் இல்லை. எம்.எஸ்ஸி. முடித்ததும் ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரு கம்பெனியில் போய் உட்கார்ந்திருந்தால் வீட்டுக்குச் சம்பளம் வந்திருக்கும். பையனுக்கு ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. கேள்வி பிடித்துக்கொள்வது ஒரு வியாதி. வந்தவனுக்குத்தான் தெரியும்.

கேள்வி இதுதான். பேட்டவாய்த்தலையில் காவேரியை விட்டுப் பிரிகிற உய்யக்கொண்டான் வாய்க்கால், திருச்சி நகரத்தின் நடுவே புகுந்து வெளியேறி, வாழவந்தான்கோட்டை ஏரியில் போய் முடிகிறது. சோழர் காலத்து வாய்க்கால். நகரத்துக்குள் நுழைகிறபோது தண்ணீராக நுழைந்து, வெளியேறுகிறபோது என்னவாக வெளியேறுகிறது என்பதைப் பாலத்தின் மேல் நின்று மூக்கைப் பிடித்துக்கொள்கிற யாரும் சொல்வார்கள். அந்தத் தண்ணீரில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் இருக்கின்றனவா, எந்த இடத்தில் எவ்வளவு சேருகின்றன, கீழே பாய்கிற வயலின் மண்ணிலும் கீரையிலும் அவை ஏறுகின்றனவா? இதைத்தான் அவன் கண்டுபிடிக்க விரும்பினான். பதினைந்து இடங்களில், வாய்க்கால் ஓடுகிற மாதங்களிலும் அடைபட்டுக் கிடக்கிற மாதங்களிலும், இரண்டு வருஷம் தண்ணீர் எடுத்துச் சோதிக்க வேண்டும். அந்தக் கீரையை ஸ்ரீரங்கத்திலும் உறையூரிலும் நாமெல்லோரும் சாப்பிடுகிறோம். ஆகையால் எனக்கு இந்த ஆராய்ச்சியில் சொந்த அக்கறையும் உண்டு.

அவன் செய்ய முடிந்தது என்ன? மூன்று இடங்களில் இரண்டு மாதம் தண்ணீர் எடுத்தான். உலோகத்தை அளக்கிற இயந்திரம் அவன் படிக்கிற இடத்தில் இருக்கிறது. திறப்பு விழாவன்று வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் இன்னும் இருக்கின்றன. வாயு சிலிண்டர் வாங்கவும் பழுது பார்க்கவும் பணம் ஒதுக்கப்படவில்லை என்பதால் உறை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். வெளியே கொடுத்தால் ஒரு பாட்டிலுக்கு இவ்வளவு என்று கட்டணம். கையிலிருந்த காசுக்குச் சோதித்த வரையில் கிடைத்த எண்களை இரண்டாகப் பிரித்து இரண்டு கட்டுரை ஆக்கச் சொன்னார் வழிகாட்டி. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் வருஷா வருஷம் கணக்குக் கேட்கிறார். கட்டுரை பிரசுரமாகக் கட்டணம் ஒன்பதாயிரம் ரூபாய். தாயாரின் இரண்டு வளையல்கள் பாங்கியில் இருக்கின்றன.

"பேப்பர் வந்துடுத்து மாமா. கேள்வி மட்டும் அப்படியே நிக்கறது" என்றான்.

இது ஒரு பையனுடைய துரதிருஷ்டம் என்று எண்ணி நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் கணக்கைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. வாசகர்களும் கொஞ்சம் எரிந்துகொள்ளட்டும்.

விஞ்ஞான, இன்ஜினீயரிங் கட்டுரைகளின் எண்ணிக்கையில் நம் தேசம் உலகத்தில் மூன்றாவது இடத்தில் இருக்கிறது. 2022-ஆம் வருஷத்தில் 2 லட்சத்துக்கு மேல் கட்டுரைகள். சீனாவும் அமெரிக்காவும் மட்டுமே நமக்கு முன்னால். இதைச் சொல்லிச் சொல்லி மேடைகளில் மாலை போட்டுக்கொள்கிறோம். சரி, ஆராய்ச்சிக்கு நாம் செலவழிப்பது எவ்வளவு? சர்க்காரே வெளியிட்ட கணக்குப்படி 2020-21ல் தேச வருமானத்தில் 100 ரூபாய்க்கு 64 காசு. தென்கொரியா ஏறத்தாழ 5 ரூபாய் போடுகிறது. சீனா 2½ ரூபாய். நம்முடைய 64 காசிலும் பெரும் பகுதி ராணுவத் தளவாடம், விண்வெளி, அணுசக்தி, விவசாயம் என்று மத்திய சர்க்காரின் பெரிய இலாகாக்களுக்குப் போகிறது. கல்லூரிகளும் சர்வகலாசாலைகளும் செலவிடுகிற பங்கு நூற்றுக்கு 8.8. அதாவது ஐந்தரைக் காசு. எல்லா மாநில சர்க்கார்களும் சேர்ந்து போடுவது நாலு காசு.

ஐந்தரைக் காசைப் போட்டு உலகத்தில் மூன்றாவது இடம் என்றால், ஒன்று நாம் எல்லோரும் மகா மேதாவிகள். அல்லது எந்தச் சரக்கை மலிவாகச் செய்ய முடியுமோ அதைச் செய்து குவிக்கிறோம். முதலாவதை நம்ப எனக்கும் ஆசைதான். ஆனால் 2018ல் பல்கலைக்கழக மானியக் குழு, தான் அங்கீகரித்து வைத்திருந்த பட்டியலிலிருந்து ஒரே மூச்சில் 4,305 பத்திரிகைகளை நீக்கியது. அங்கீகரித்ததும் அவர்கள், நீக்கியதும் அவர்கள். பிறகு 2019ல் வேறு ஒரு பட்டியல் போட்டார்கள். 2025ல் அதையும் கைவிட்டார்கள். டாக்டர் பட்டத்துக்கு முன்னால் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதியை மானியக் குழு 2022ல் எடுத்துவிட்டது. விதி போயிற்று, பழக்கம் போகவில்லை. டில்லியில் எடுத்த விதியைக் கீழே பல இடங்களில் பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணுகிற வழக்கம் வந்ததற்கும் ஒரு நியாயம் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. ஒரு காலத்தில் யாருக்கு யார் மாமனார், எந்த ஜாதி, எந்தக் கட்சி என்று பார்த்து உத்தியோக உயர்வு கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக 2010ல் மானியக் குழு புள்ளிக் கணக்கு கொண்டுவந்தது. கட்டுரைக்கு இத்தனை புள்ளி, புஸ்தகத்துக்கு இத்தனை. சிபாரிசைவிட எண்ணிக்கை மேல் என்று நானும்கூட அப்போது சொன்னேன். எண்ணுகிறவன் படிக்க மாட்டான் என்பது எனக்குத் தோன்றவில்லை. நெல்லை மரக்காலால் அளக்கலாம். பதரும் மரக்காலை நிரப்பும்.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்கள் ஒரு பிரம்மாஸ்திரத்தை எடுப்பார்கள். அம்மா மண்டபம் படித்துறையில் சாயங்காலம் உட்காருகிற என் சிநேகிதர் ஒருவர் - ரிடையரான பெரிய உத்தியோகஸ்தர் - போன மாதம் அதை என் மேல் விட்டார்.

"பணம், பணம் என்கிறீரே. சி. வி. ராமன் எங்கே பிறந்தார்? இதோ, கூப்பிடு தூரத்தில் திருவானைக்காவலில். சில நூறு ரூபாய் சாமானை வைத்துக்கொண்டு நோபல் பரிசு வாங்கினாரா இல்லையா? மூளை வேணும் ஸ்வாமி, மூளை!"

வாங்கினார். 1888 நவம்பர் 7-ஆம் தேதி திருவானைக்காவலில் பிறந்தவர்தான். 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி கண்டுபிடித்து, 1930ல் பரிசும் பெற்றார். கருவிகள் மலிவானவை என்பதும் நிஜம். ஆனால் அந்தக் கருவிகள் எந்த மேஜையின் மேல் இருந்தன? அந்த மேஜை யாருடையது?

கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்ற வைத்தியர் ஊர் ஊராக, ஆள் ஆளாகக் கேட்டு வசூல் செய்து 1876ல் விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தினார். கட்டடம், சோதனைச் சாலை, சொற்பொழிவு மண்டபம் எல்லாம் கட்டினார். ஆராய்ச்சி செய்ய ஆள் வரவில்லை. 1904ல் அவர் காலமாகிவிட்டார். 1907ல் சர்க்கார் கணக்கு இலாகாவில் உத்தியோகமாகிக் கல்கத்தாவுக்கு வந்த பதினெட்டு வயது ராமன், அந்தச் சங்கத்தின் கதவைத் தட்டினார். திறந்துவிட்டார்கள். அதன் பிறகு கல்கத்தாவில் இருந்த வருஷங்களில் காலையிலும் இரவிலும் அங்கே ஆராய்ச்சி, பகலில் ஆபீஸ். மாசம் பிறந்தால் கணக்கு இலாகாவின் சம்பளம். அவர் மனைவியின் வளையல் அடகுக்குப் போகவில்லை. 1917ல் அவர் ஏற்றுக்கொண்ட கல்கத்தா சர்வகலாசாலைப் பேராசிரியர் பதவி, தாரகநாத் பாலித் என்ற வக்கீல் எழுதிவைத்த சொத்திலிருந்து வந்தது. வகுப்பு நடத்தியே தீர வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லாத பதவி. அந்தச் சில நூறு ரூபாய்க்குப் பின்னால் ஐம்பத்திரண்டு வருஷத்துப் பிறர் பணம் நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. ராமனின் தகப்பனார் 1892லேயே குடும்பத்தோடு விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். திருவானைக்காவல் அவருக்குக் கொடுத்தது பிறப்பு. மேஜை கொடுத்தது கல்கத்தா. நாம் பெருமைப்பட்டுக்கொள்வதில் தவறில்லை. ரசீது கல்கத்தாவின் பெயரில் இருக்கிறது என்பது ஞாபகம் இருந்தால் போதும்.

சிநேகிதர் வாயை மூடிக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். "அப்படியானால் பணம் இருந்தால் போதுமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. போதாது. சந்தனம் பூசிய இயந்திரம்தான் அதற்குச் சாட்சி. எந்தப் பணம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அது நம்முடைய முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்கு வைத்தவர்களின் கதை எத்தனையோ வரும். ஒருவன் கோவிலுக்கு விளக்குக் கொடுக்கிறான் என்றால் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகமாட்டான். ஒரு விளக்குக்கு 96 ஆடு, சில இடங்களில் 90. அந்த ஆடுகளை ஓர் இடையனிடம் ஒப்படைப்பார்கள். அவன் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழட்டு ஆடு செத்தால் குட்டி இருக்கிறது. மந்தை குறையக் கூடாது. அதற்குக் கல்வெட்டில் பெயர், சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத ஆடு! விளக்கு வாங்குவது ஒரு நாள் செலவு, எரிப்பது தினசரிச் செலவு என்பது ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு படைத் தலைவனுக்கும் வியாபாரிக்கும் தெரிந்திருக்கிறது. இன்று நம் திட்டக்காரர்கள் விளக்கை வாங்கி, திறப்பு விழா நடத்தி, புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆடு எங்கே?

ஆடு விட்டுவைத்த இடங்களில் என்ன நடந்தது என்பதற்கும் அத்தாட்சிக்கு அதிக தூரம் போக வேண்டாம். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் என்று ஒன்று உண்டு. செடிகளைக் காயவைத்து, தாளில் ஒட்டி, பெயரும் இடமும் குறித்துச் சேமிக்கிற இடம். 1967ல் அதைத் தொடங்கிய பாதிரியார் கே. எம். மாத்யூ, கல்ராயன் மலை, கொல்லிமலை என்று அலைந்து, தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளியின் தாவரங்களைப் பற்றி 1980-களில் வரிசையாகத் தொகுதிகள் வெளியிட்டார். இன்றும் செடிக்குப் பெயர் தெரியாதவர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள். அவர் சேசு சபைத் துறவி. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் சபை பொறுப்பு. உத்தியோக உயர்வுக்குப் புள்ளி சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஒவ்வொரு செடிக்கும் ஒரு கட்டுரை என்று பிரித்திருந்தால் அவருக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக்கை வந்திருக்கும். நமக்கு அந்தப் புஸ்தகம் வந்திராது.

திருவெறும்பூர்ப் பக்கம் போனால் பெல் தொழிற்சாலையில் 1975ல் ஏற்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொதிகலன் செய்கிறவனுக்கு உலோகத்தை ஒட்டுகிற வித்தையில் சந்தேகம் வந்தது, தனக்கென்று ஒரு நிலையம் வைத்துக்கொண்டான். தாயனூர்ப் பக்கம் தேசிய வாழை ஆராய்ச்சி மையம், 1993ல் வந்தது. ரஸ்தாலி வாழைக்கு வாடல் நோய் எமன் என்பது காவேரிக் கரைக் குடியானவனுக்குத் தெரியும். நூற்றுக்கணக்கான வாழை ரகங்களை ஒரே இடத்தில் வளர்த்து, எது நோய்க்குத் தாங்கும், எது தாங்காது என்று வருஷக்கணக்காகப் பார்க்கச் சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்திருக்கிறார்கள். வாழை ஏழு நாளில் குலை தள்ளாது. அங்கே யாரும் அதை எதிர்பார்ப்பதும் இல்லை.

ஸ்ரீரங்கத்துக் கோவிலைத்தான் எடுத்துக்கொள்ளுங்களேன். அறுநூறுக்கு மேல் கல்வெட்டுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே படியெடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாம் ஒரே தொகுதியாக அச்சில் வந்தது 1982ல். எத்தனையோ பேர் படித்து, எழுதி, ரிடையராகி, செத்தும் போயிருப்பார்கள். அந்த நெடுகிலும் ஒரு சர்க்கார் இலாகா சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் தொகுதி வந்தது.

இனி என் கோபத்தின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். இது ஏழை தேசம், பட்டினி கிடக்கிறவன் முதலில் சாப்பிடட்டும், ஆராய்ச்சி பிறகு என்று முன்பு சொன்னார்கள். ஒப்புக்கொண்டோம். தென்கொரியா 1966ல், நம்மைப் போல ஏழையாக இருந்தபோதே, தன் விஞ்ஞானத் தொழில்நுட்ப நிலையத்தை ஆரம்பித்தது என்று யாராவது சொன்னால் அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் இப்போது? தமிழ்நாட்டின் பொருளாதாரம் 2024-25ல் 11.19 சதவிகிதம் வளர்ந்தது. கல்லூரிக்குப் போகிற வயதில் உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இங்கே கல்லூரியில் இருக்கிறார்கள். பெரிய மாநிலங்களில் இது முதல் வரிசை. தேசம் முழுதும் ஆராய்ச்சிக்குச் செலவான பணம் 2010-11ல் சுமார் 60,000 கோடி, 2020-21ல் 1,27,000 கோடி. இரண்டு மடங்கு என்று மார் தட்டுகிறார்கள். வருமானம் அதைவிட வேகமாகப் பெருகியது. ஆராய்ச்சியின் பங்கு தேய்ந்தது. குடும்பத்துக்கு வருமானம் கூடக் கூட, பிள்ளையின் படிப்புக்கு ஒதுக்குகிற பங்கைக் குறைத்துக்கொண்டே போகிற தகப்பனை நம் தெருவில் என்ன சொல்லுவார்கள்?

பணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2023ல் சட்டம் போட்டு தேசிய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை அமைத்தார்கள். ஐந்து வருஷத்தில் 50,000 கோடி என்றார்கள். அதில் 36,000 கோடி சர்க்காருக்கு வெளியிலிருந்து வரும் என்று எழுதிக்கொண்டார்கள். வெளி என்றால் முதலாளிகள். தேசத்தின் ஆராய்ச்சிச் செலவில் நம் முதலாளிகளின் பங்கு நூற்றுக்கு 36. சீனாவிலும் கொரியாவிலும் முக்காலுக்கு மேல். லைசென்ஸ் வாங்கி அந்நியன் கண்டுபிடித்ததைச் செய்து விற்றாலே லாபம் வருகிறபோது, கேள்வி கேட்பதற்குச் செலவழிக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? இதற்கு மேல் 2025ல் 1 லட்சம் கோடி ரூபாய் நிதி ஒன்று. வட்டியில்லாமலோ குறைந்த வட்டிக்கோ தனியார் கம்பெனிகளுக்கு. கடைக்கு வரத் தயாராகிக்கொண்டிருக்கிற தொழில்நுட்பத்துக்குத்தான் அது. கெடுதல் இல்லை, செய்யட்டும். உய்யக்கொண்டான் வாய்க்காலில் ஈயம் எங்கே சேருகிறது என்ற கேள்வி எந்தக் கடைக்கு வரும்? அதை வாங்குகிறவன் யார்? கீரை தின்கிறவன். அவனிடம் நிதி இல்லை.

நான் கேட்பது பெரிய கோபுரம் ஒன்றும் இல்லை. அகில இந்தியத் தேர்வில் தேறி உதவித்தொகை பெறுகிற ஆராய்ச்சி மாணவனுக்கு 2023லிருந்து மாதம் 37,000 ரூபாய். நல்ல தொகை, குறை சொல்ல மாட்டேன். அந்தத் தேர்வில் நூலிழையில் தவறியவன் ஒரு மாநிலச் சர்வகலாசாலையில் முழு நேரமாக ஆராய்ச்சி செய்தால், பல இடங்களில் அவனுக்குக் கிடைப்பது பூஜ்யம். எதிரில் அவன்தான் கட்டணம் கட்டுகிறான். மூன்று மணி நேரப் பரீட்சையில் கிடைத்த மார்க்கு, நாலு வருஷச் சாப்பாட்டைத் தீர்மானிக்கிறது. ஒருவனை ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்கிறவர்கள் அவன் சாப்பாட்டுக்கு ஜவாப்தாரி ஆக வேண்டும். முடியாது என்றால் சேர்த்துக்கொள்ளக் கூடாது. இயந்திரம் வாங்கினால் பத்து வருஷத்துக்கு வாயுவும் பழுதுச் செலவும் அதோடு எழுதி வைக்க வேண்டும். மூன்று கட்டுரைக்குப் பதில் ஒன்றைக் கொண்டுவந்தவனிடம், அந்த ஒன்றைப் படித்துவிட்டுப் பேசக் கூடிய ஆளை எதிரில் உட்கார வைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் மிகவும் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். படிக்கிறவர்களைப் பணம் கொடுத்து வாங்க முடியாது.

பையனின் தாயாரிடம் ஒரு நாள் மாவு வாங்கப் போனபோது பேச்சு வந்தது. "அண்ணா, இவன் என்ன கண்டுபிடிக்கிறான்னு எனக்குத் தெரியலை. தண்ணியை பாட்டில் பாட்டிலாக் கொண்டு வரான். நல்ல காரியந்தானே?" என்று கேட்டாள். நல்ல காரியந்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். வளையலைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பங்குனி மாதம் வாய்க்காலில் தண்ணீர் நின்ற மறு வாரம், பன்னிரண்டு பாட்டில்களை எடுத்துக்கொண்டு அவன் கிளம்பினான். பாலத்துக்குக் கீழே இறங்குகிற இடத்தில் வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றான், நான் போனேன். கறுப்பாகத் தேங்கிக் கிடந்த தண்ணீரை மொண்டு, பாட்டிலில் நிரப்பி, சொட்டு அமிலம் விட்டு மூடி, மேலே தேதியும் இடமும் எழுதினான். கை நடுங்கவில்லை. இந்தத் தண்ணீரைச் சோதிக்க யாரும் அவனிடம் கேட்கவில்லை. மூன்றாவது கட்டுரைக்கும் இது தேவையில்லையாம். இருக்கிற எண்களிலேயே அதைத் தேற்றிவிடலாம் என்று வழிகாட்டி சொல்லியிருக்கிறார். சோதனைக் கட்டணத்துக்கு இப்போது பணம் இல்லை. அமிலம் விட்டிருப்பதால் ஆறு மாதம் தாங்கும், புரட்டாசி வரையில் பார்க்கலாம் என்றான். பாட்டில்கள் பன்னிரண்டும் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், தனியாக ஒரு டப்பாவில் பூட்டி, மாவுத் தூக்குகளுக்குப் பின்னால் இருக்கின்றன.